இரண்டிரண்டாக

கம்ப்யூட்டரில் மூன்றாவது கடவுச்சொல்லும் தவறு என்று வந்தது. ஜாஸ்பின் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். அவள் கணவன் எபிசனின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. கல்லீரல் முழுதும் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிளார்க். முப்பத்தெட்டு வயது.

விடிந்ததிலிருந்து அவன் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறான்.

"அண்ணன்..."

அண்ணன் பிரதீஷ் பூனாவில். அம்மாவின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. எபிசன் ஃபோனில் கண்டபடி ஏசினான். அதோடு பிரதீஷ் நம்பரை மாற்றிவிட்டான். புது நம்பர் சொந்தத்தில் ஒருவரிடமும் இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் விற்கும் தளத்தில் மட்டும் அண்ணன் பெயர் இன்னும் இருக்கிறது என்று எபிசன் ஒருமுறை சொல்லியிருந்தான்.

"அவனுக்க அம்ம பேர அடிச்சுப் பாரு மக்களே," என்றாள் பக்கத்து வீட்டு நேசபாய்.

ராஜமணி என்று அடித்ததும் திறந்துகொண்டது.

எண்பது சதவீதம் தள்ளுபடி, இன்றே கடைசி. திரை முழுக்க அதுதான். ஒவ்வொரு தள்ளுபடிக்கும் எபிசன் இதன் முன்னால் உட்கார்ந்து வாங்கிக் குவிப்பான். ஒன்றையும் விளையாடி அவள் பார்த்ததில்லை. கேட்டால், "ஆஃபர் போயிரும் ஏட்டி" என்று சிரிப்பான்.

வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்தாள். எல்லாம் இருவர் சேர்ந்து ஆடுபவை. எல்லாம் இரண்டிரண்டாக. ஒன்று அவனுக்கு, ஒன்று பிரதீஷுக்குப் பரிசு. ஒவ்வொன்றின் கீழும் 'ஏற்கவில்லை' என்றிருந்தது. கூடவே எபிசனின் குறிப்பு: 'அண்ணே, ஒருக்கா ஆடலாமா?'

பிரதீஷின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. இப்போது அந்தத் தளத்தில்தான் இருக்கிறான். ஆனால் அவள் எழுதிய செய்தி போகவில்லை. தம்பியின் செய்திகளை அவன் தடுத்து வைத்திருந்தான். பரிசுகள் மட்டும்தான் போயின.

முதலில் கண்ணில் பட்ட கார் பந்தயத்தை வாங்கினாள். எபிசனின் ஃபோனுக்கு வந்த ஓடிபியை அடித்தாள். குறிப்பில் எழுதினாள்: 'அத்தான், நான் ஜாஸ்பின். ஒங்க தம்பி சாவக் கெடக்காவ. ஒங்களத்தான் விளிக்காவ. இப்பமே கூப்பிடுங்கோ.'

பதில் இல்லை.

இன்னொன்று வாங்கினாள். பிறகு கால்பந்து. பிறகு பெயரைக்கூடப் பார்க்கவில்லை. ஏழாவதோ எட்டாவதோ.

"ஏட்டி, எழும்பு. அவனுக்க கையப் பிடி."

"இன்னும் ஒண்ணு சித்தி. இந்தா, ஒண்ணு மட்டும்."

ஓடிபியின் ஆறு எண்களில் நான்கை அடித்திருந்தபோது அறையில் சத்தம் நின்றது. மீதி இரண்டையும் அடித்து முடித்த பிறகுதான் அது என்னவென்று அவளுக்கு உறைத்தது.

"ஏசுவே..." என்றாள் நேசபாய்.

ஜாஸ்பின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். அவன் கை சூடாகவே இருந்தது. நேசபாய் கண்களை மூடிவிட்டு, தாடையைக் கட்டத் துணி கிழித்தாள்.

ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஜாஸ்பினா? நான் பிரதீஷ். இப்பந்தான் பாத்தேன். அவனுக்க பக்கத்திலயா நிக்க? அவன்கிட்ட குடு. பேசாண்டாம், கேட்டா மட்டும் போரும்."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு, ஃபோனை எபிசனின் காதோரம் தலையணையில் வைத்தாள்.

"லேய் எபி, நான்தாம்ல. கெளம்பிட்டேன் மக்கா. ராத்திரிக்குள்ள வந்திருவேன்..."

நேசபாய் கிழித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.