ஆக்டோபஸும் ஒரு முழங்காலும்

நான்கு நாள் கப்பல் பயணத்தில் மூன்று நாட்களை நானும் என் மனைவியும் ஓர் ஆக்டோபஸோடு குடித்தனம் நடத்தியே கழித்தோம். ரப்பர் ஆக்டோபஸ். ஊதா நிறம், எட்டுக் கை, ஒவ்வொரு கைக்கும் தனி வால்வு, நடுவில் உட்கார மெத்தை. காற்றடித்து முடித்தபோது லாரி அளவுக்கு வந்தது. சரி, லாரி இல்லை, கார். கட்டிலைவிடப் பெரிது என்பது மட்டும் சத்தியம்.

ஆசைக்கு வாங்கியது அல்ல. மனைவியின் வலது முழங்காலுக்காக வாங்கியது. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகியும் அந்தக் கால் விறகுக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டே இருந்தது. மார்பளவுத் தண்ணீரில் நடந்து பழகினால் மடங்கும், இல்லையென்றால் மறுபடி மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவளோ வாளித் தண்ணீரையே சந்தேகத்தோடு பார்க்கிறவள். ஊரில் இருக்கும் நீச்சல் குளத்தின் வாசல் வரை ஆறு முறை போய் ஆறு முறையும் தலைவலி என்று திரும்பிவிட்டாள். கடைசியில் மகள்தான் இந்தக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். "பிடிச்சுக்க ஏதாவது இருந்தா இறங்குறேன்" என்று மனைவியும் ஒப்புக்கொண்டாள். திரும்பிப் போனதும் டாக்டர் காலைப் பார்ப்பார்.

எல்லாம் கூடி வந்த இடத்தில் நான் குறுக்கே வந்தேன்.

முப்பத்தொரு வருடம் டயர் டியூப் தொழிற்சாலையில் காற்றுச் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். டியூபில் காற்றடிப்பேன், தொட்டியில் அமுக்குவேன், குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். வரவில்லையென்றால் ஒரு முழு நாள் அப்படியே வைத்து, மறுநாள் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். விறைப்பு ஒரு நூல் குறைந்திருந்தாலும் வாசல் தாண்ட விடமாட்டேன். என் கட்டைவிரலைக் கண்டு முதலாளியே நடுங்குவார். அப்படிப்பட்டவன் என் மனைவியைச் சோதிக்காத ரப்பரில் உட்கார வைப்பேனா?

முதல் நாளே அறையில் காற்றடித்தேன். மறுநாள் அழுத்திப் பார்த்தால் ஆறாவது கை லேசாகத் தொய்ந்திருந்தது. ஒட்டுப்போட்டு, அந்த ஒரு நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதற்கும் மறுநாள் மூன்றாவது கையில் சந்தேகம்.

"ஏங்க, அது நல்லாத்தாங்க இருக்கு. நீங்க அழுத்தி அழுத்தியே ஓட்டை போடுறீங்க."

"உனக்கு ரப்பரைப் பத்தி என்ன தெரியும்?"

"முப்பத்தாறு வருஷமா உங்களோட இருக்கேன், ரப்பரைப் பத்தித் தெரியாமலா இருக்கும்? இன்னைக்கு மூணாவது நாள். வந்ததுல இருந்து நான் கண்ணால பார்த்த தண்ணி இந்தக் குழாய்த் தண்ணிதான்."

நான்காம் நாள் காலை எட்டுக் கைகளும் தேறின. தூக்கிக்கொண்டு கிளம்பினால், கதவுக்குள் நுழையவில்லை.

"காத்தை எறக்கிட்டு மேல போய் அடிச்சுக்கலாமே?" என்றாள்.

"காத்தை எறக்கினா சோதனை செல்லாது. மறுபடி ஒரு நாள் வைக்கணும்."

"நாளைக்கு விடிஞ்சா கப்பல் கரைக்கு வந்துடும்!"

நான் வெளியிலிருந்து இழுத்தேன், அவள் உள்ளேயிருந்து தள்ளினாள். ஐந்து கைகள் வெளியே வந்தன, மூன்று உள்ளே மாட்டிக்கொண்டன. நடைவழியில் இந்தப் பக்கம் இருநூறு பேர், அந்தப் பக்கம் இருநூறு பேர் நின்றுவிட்டார்கள். குறைத்துச் சொன்னாலும் பதினைந்து பேர் இருப்பார்கள். உள்ளேயிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"நான் கைத்தடியால ஒரு குத்து குத்தப்போறேன். சொல்லிட்டேன்!"

அந்த மிரட்டலுக்குப் பயந்தோ என்னவோ, ஆக்டோபஸ் பொத்தென்று வெளியே வந்து என்னைச் சுவரோடு அப்பியது.

மேல்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நீச்சல் குளம் பளபளவென்று கிடந்தது. மனைவி அதைப் பார்த்தாள், என் கையை இறுக்கிப் பிடித்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. "இறங்கிடுறேங்க. இன்னைக்கு விட்டா அப்புறம் அந்த மயக்க ஊசிதான்" என்றாள், எனக்குச் சொல்கிற மாதிரித் தனக்கே சொல்லிக்கொண்டு.

அப்போதுதான் விசில் அடித்தது. காதருகே ரயில் வந்த மாதிரி இருந்தது. குளத்தைக் காவல் காக்கும் அம்மாள், நாற்பது வயதிருக்கும், வாயில் விசிலோடு வந்து நின்றாள்.

"சார், காத்தடிச்ச மிதவை எதுவும் குளத்துல விடக்கூடாது. போர்டு இருக்கு பாருங்க."

இருந்தது. கதவளவுக்குப் பலகை. படத்தில் ஒரு மிதவை, அதன் மேல் சிவப்புக் கோடு. முதல் நாளே மேலே வந்து ஒரு நடை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் கீழே குமிழி பார்த்துக்கொண்டிருந்தேனே.

"இதோட காத்து இறங்காதும்மா. மூணு நாள் சோதனை பண்ணியிருக்கேன்."

"காத்து இறங்குறது பிரச்சினை இல்ல சார். கப்பல் ஆடும்போது தண்ணியும் ஆடும். மிதவைக்கு அடியில யாராவது மாட்டினா மேல இருந்து எனக்குத் தெரியாது. கடல் காத்து வீசினா பறந்து வேற போகும்."

"பறக்குமா? இந்த எடைக்கா? முப்பத்தொரு வருஷ அனுபவத்துல சொல்றேன்..."

"ஏங்க, வேணாம், வாங்க" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. விதின்னா அதுக்கு ஒரு காரணம் வேணாமா?"

"காரணத்தைத்தான் சார் சொன்னேன்" என்றாள் விசில் அம்மாள்.

"சோதிக்காத மிதவைக்கு அது பொருந்தும். சோதிச்ச மிதவைக்கு?"

நான் தொழிற்சாலை விதிகளை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். விசில் அம்மாள் நெற்றியைத் தேய்த்தாள். நாலாவது விதிக்கு வரும்போது, அழுத்திக் காட்டலாம் என்று கட்டைவிரலை நீட்டினேன். அதற்கு ஒரு கையை ஆக்டோபஸிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

காற்று காத்துக்கொண்டே இருந்தது போல. ஆக்டோபஸ் எழுந்தது. எட்டுக் கைகளையும் விரித்துக்கொண்டு தளத்தின் மேல் பறந்தது. ஒருவரின் தொப்பியைத் தட்டிவிட்டது, இரண்டு பழச்சாறுகளைக் கவிழ்த்தது, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை முழுக்க மூடி, அவர் அலறியதும் விட்டுவிட்டு மேலே போனது. வானத்தில் பாதி தூரம் போனது என்றே சொல்வேன். விசில் அம்மாள் கம்பிவேலி வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடி, கடலுக்குள் போகிற கடைசி நொடியில் ஏழாவது கையைப் பிடித்து இழுத்துப் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த ஒட்டு பிரியலையே? பாருங்க, பாருங்க!" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் கவிழ்ந்த பழச்சாற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மனைவியிடமாவது சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் இருந்த இடத்தில் கைத்தடியும் செருப்பும் மட்டும் இருந்தன.

நாலு பக்கமும் தேடினேன்.

"இங்க இருக்கேன்."

குளத்துக்குள் இருந்தாள். படிக்கட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றியபடி மார்பளவுத் தண்ணீரில் நின்றாள். பற்கள் கிடுகிடுத்தன.

"எப்படி இறங்கினே? பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லாம?"

"இந்தக் கம்பி இருக்கே. சுவர் நெடுகப் போகுது. முதல் நாளே யாராவது காட்டியிருந்தா முதல் நாளே இறங்கியிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அங்க நின்னு உங்க நாலாவது விதியைக் கேக்கறதை விட இது எவ்வளவோ பரவாயில்லைன்னு தோணுச்சு. இறங்கிட்டேன்."

விசில் அம்மாள் ஆக்டோபஸை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து தண்ணீரோரம் குந்தினாள். "பயப்படாதீங்கக்கா, நான் பக்கத்துலயே இருக்கேன். அப்படியே ஒரு அடி எடுத்து வைங்க."

மனைவி வலது காலைத் தூக்கினாள். தண்ணீருக்கடியில் அந்த முழங்கால் மெல்ல மடங்குவதைப் பார்த்தேன். முழுக்க இல்லை. ஒரு கால்வாசி இருக்கும். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அடுத்த அடி வைத்தாள். கம்பியைப் பிடித்தபடி அந்த முனைக்குப் போய் இந்த முனைக்குத் திரும்பினாள். பிறகு மறுபடியும் போனாள்.

"உக்காந்து எத்தனை சுத்துன்னு எண்ணுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றாள்.

உட்கார்ந்து எண்ணினேன். வெயில் ஏறியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள், இப்போது ஒரு கையால் மட்டும் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"எத்தனை ஆச்சு?"

"பதினேழு!"

"ஒம்பது. நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பத்தாவதுக்குத் திரும்பினாள்.