நாற்பது பேர் மாற்றிப் போட்ட ஓட்டு

தீவில் மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம். இனி ஒன்றுதான், எது என்று நீங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லுங்கள் என நகராட்சி கைவிரித்துவிட்டது. இரண்டு சுற்று, முதல் சுற்றில் கடைசியாக வரும் ஊர் போட்டியிலிருந்து வெளியேறிவிடும்.

நெஸெட் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு சொல்லித்தரும் ஓஷில்டுக்கு விஷயம் உடனே பிடிபட்டது. நெஸெட்டில்தான் ஆள் அதிகம். ஆனாலும் நடுவிலுள்ள ஈட்விக் இரண்டாம் சுற்றுக்கு வந்தால், தொலைவிலிருக்கும் ஹோல்மன்காரர்கள் மொத்தமாக அதற்குத்தான் போடுவார்கள். நெஸெட் தோற்கும். ஹோல்மன் வந்தாலோ, ஈட்விக்காரர்களில் பாதிப்பேராவது நெஸெட் பக்கம் சாய்வார்கள். ஆகவே நம்பிக்கையான நாற்பது பேரைக் கூப்பிட்டு, முதல் சுற்றில் ஹோல்மனுக்குப் போடச் சொன்னாள்.

ஈட்விக்கில் அவள் தங்கை யோருன் இருந்தாள், ஆறு வயது மகளோடு. குழந்தை நம் பள்ளிக்கே வரட்டுமே என்று ஓஷில்ட் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை, விளையாட்டரங்கில் வாக்கெடுப்பு. பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் ஈட்விக் வெளியேறியது. இடைவேளையில் காபி வரிசையில் நின்ற டேர்யே, அந்த நாற்பது பேரில் ஒருவன், சும்மா இருக்காமல் வாயை விட்டான்.

"டீச்சர் மூளையே மூளை! நானே ஹோல்மனுக்குப் போட்டேன்னா பாத்துக்கோங்க!"

இரண்டு பேருக்குப் பின்னால் யோருன் நின்றிருந்தாள். நேராக அக்காவிடம் வந்தாள்.

"அந்த ஆளு சொல்றது நெசமாக்கா?"

"மெதுவா பேசு, யோருன்."

"நாம தோத்தா நெஸெட்டுக்குப் போடுங்கன்னு ஒரு வாரமா வீடு வீடாப் போய்க் கெஞ்சினேன். உனக்காக. எல்லாரும் சரின்னாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

காபி ஆறுவதற்குள் செய்தி அரங்கம் முழுக்கப் பரவிவிட்டது. ஈட்விக்காரர்கள் இறுகிய முகத்தோடு போய் ஹோல்மனுக்குப் போட்டார்கள். தொண்ணூற்று மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நெஸெட் தோற்றது.

வெளியே கார் கதவைத் திறந்தபடி யோருன் சொன்னாள்: "நான் உங்க ஊருக்குத்தான் போட்டேன். ஏன்னு எனக்கே தெரியல."

ஈட்விக்கிலிருந்து ஹோல்மனுக்குச் சாலை கிடையாது, படகில் ஒன்றரை மணி நேரம். சின்னக் குழந்தையைத் தினமும் அப்படி அனுப்ப முடியாமல், ஹோல்மனுக்கே குடிபோக ஆகஸ்டில் யோருன் வீட்டைக் காலி செய்தாள். உதவிக்கு வந்த ஓஷில்டை அவள் தடுக்கவில்லை. பெட்டிகளை நீட்டினாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல "நன்றி" என்றாள்.

"பெரியம்மா, எங்க புது வீட்டுக்கு எப்ப வருவீங்க?" என்று குழந்தை கேட்டது.

ஓஷில்ட் தங்கையைப் பார்த்தாள். யோருன் குனிந்து, பெட்டியின் மேல் 'சமையலறை' என்று எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்த பிறகும் நிமிரவில்லை.