பின்னால் நின்றவள்

"சொல்லிக் குடுத்ததைச் சொன்னா போதும். சொந்தமா எதையும் யோசிக்காத" என்றார் டாக்டர் சக்கரபாணி, வெள்ளைக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

அன்புக்கரசி தலையாட்டினாள். அறுவை சிகிச்சைப் பிரிவில் இரண்டாம் வருஷப் பயிற்சி டாக்டர் அவள். பிரிவின் தலைவர் சக்கரபாணி. அவரிடம் அவள் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டென்றால், அது இந்தத் தலையாட்டல்தான்.

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி, வடக்குத்து போகிற ரோட்டில் இருந்தது அந்தத் தனியார் ஆஸ்பத்திரி. பயிற்சி எப்படி நடக்கிறது, அங்கீகாரத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க அன்றைக்கு வெளியூரிலிருந்து ஆய்வாளர் வருகிறார். ஒரு வாரமாக அதற்கு ஒத்திகை. வகுப்பு நடக்கிறதா என்றால், தினமும். சந்தேகம் கேட்டால்? உடனே விளக்குவார்கள். தூங்க நேரம் கிடைக்கிறதா? தாராளமாக.

உண்மையில் அந்தப் பிரிவில் எழுதி வைக்காத இரண்டு சட்டங்கள் இருந்தன. பெரிய டாக்டர் வேலை செய்யும்போது பின்னால் நின்றிருந்தால், அதை 'நானே செய்தேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். டியூட்டியில் ஒன்று தெரியாமல் பெரியவருக்குப் போன் போட்டால், மறுநாள் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தர வேண்டும். பப்ஸைக் கடித்துக்கொண்டே சக்கரபாணி, "நேத்து அழுத பாப்பா எது?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் வருஷம் நாலைந்து தடவை பப்ஸ் வாங்கிய அன்புக்கரசி, பிறகு போனைத் தொடவே இல்லை. வேறு யாராவது வாங்கும்போது அவளும் சிரித்தாள்.

விட்டுவிட்டு ஓடவும் வழியில்லை. பாதியில் நின்றால் சில வருஷங்களுக்கு நுழைவுத் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். அவளுடைய அப்பா தனகோட்டி, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், மகள் ஆபரேஷன் டாக்டர் என்று கம்மாபுரம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

ஆய்வாளர் டாக்டர் விஜயலட்சுமி காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக வார்டுக்குள் நுழைந்தார். அதிகம் பேசாத அம்மாள். அந்த மௌனத்தை நிரப்ப சக்கரபாணி பேசிக்கொண்டே வந்தார். பேச்சு வேகத்தில் அன்புக்கரசியின் தோளைத் தட்டினார்.

"நெஞ்சுக் குழாயெல்லாம் இந்தப் பொண்ணு தனியாவே போடும் மேடம். ஒரு டஜன் போட்டிருக்கு."

"அப்படியாம்மா?" என்றார் விஜயலட்சுமி.

தலை தானாக ஆடியது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர்கள் கேசுவாலிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. கொளஞ்சிநாதன் என்று பெயர். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சுரங்க ஷிஃப்டுக்கு வந்தவன், லாரிக்கு ஒதுங்கப் போய் பைக்கோடு பள்ளத்தில் விழுந்திருந்தான். எக்ஸ்ரேயில் இடது விலா எலும்புகள் முறிந்திருந்தன. கிழிந்த நுரையீரலிலிருந்து கசிந்த காற்று நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு, நுரையீரலைச் சுருட்டி ஓரமாகத் தள்ளியிருந்தது. குழாய் போட்டு அந்தக் காற்றை வெளியே எடுத்தாக வேண்டும்.

"பேசிக்கினுதாங்க வந்தாரு. இப்ப வாயத் தொறந்தா மூச்சுதான் வருது" என்றாள் அவன் மனைவி மலர்கொடி. நர்ஸ் அவளை வெளியே அழைத்துப் போனாள்.

விஜயலட்சுமி எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு அன்புக்கரசியைப் பார்த்தார்.

"நீங்களே போடுங்க. நான் இங்க நின்னு பாக்கறேன்."

சக்கரபாணியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. மறுத்தால் சற்றுமுன் சொன்னது பொய்யாகிவிடும். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

கையுறை மாட்டும்போது ஜெயகணேஷ் பக்கத்தில் வந்தான். மூன்றாம் வருஷம், இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பிரிவின் அங்கீகாரம் போனால் தன் மூன்று வருஷமும் அவளுடைய இரண்டு வருஷமும் குப்பைதான் என்று காதருகே சொன்னான்.

"நீ போட்டுடேன்" என்றாள் அவள்.

"நானும் பின்னால நின்னவன்தான் அன்பு. ஏதாவது சமாளி. வாயை மட்டும் தொறக்காத."

மரத்துப்போக ஊசி போட்டாள். கத்தியை எடுத்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு முறையும் அவள் பார்த்ததெல்லாம் சக்கரபாணியின் முதுகை மட்டுமே. எந்த விலாவுக்கு மேலே என்று புத்தகம் சொல்லும். எவ்வளவு அழுத்தினால் போதும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்கு அல்லவா தெரிய வேண்டும்? இடது பக்கம். உள்ளே ஒரு விரற்கடை தள்ளி இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது.

திரையில் ஆக்சிஜன் அளவு இறங்கியது. கொளஞ்சிநாதன் அவள் முகத்தையே பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது நம்பிக்கை. அதுதான் அவளைக் கொன்றது.

தலை நிமிர்ந்தாள். எதிரே விஜயலட்சுமி. பக்கத்தில் சக்கரபாணி, உதட்டோரத்தில் 'ம், போடு' என்கிற அசைவு. வாசலில் ஜெயகணேஷ். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் கதவை அடைத்து நின்றார். கத்திக்குக் கீழே மட்டும் வழி திறந்திருந்தது. தெரியாமலே அறுத்து அதில் அவள் தப்பிக்கலாம். பலியாவது இவன்.

கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"சார், எனக்கு இது தெரியாது. ஒண்ணுகூடப் போட்டதில்ல. நீங்க வாங்க."

சக்கரபாணி ஒரு கணம் விஜயலட்சுமியைப் பார்த்தார். அந்த அம்மாள் கையுறைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அன்புக்கரசிக்கு அழுகையை வரவழைத்தது. சக்கரபாணியின் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. தோலை அறுத்தார். இடுக்கியால் தசையை விலக்கினார். ஒரு சின்ன அழுத்தம், காற்று உஸ்ஸென்று வெளியேறியது. அவளுடைய விரலைப் பிடித்து உள்ளே வைத்தார்.

"மெத்துனு இடிக்குதா? அது நுரையீரல். இப்படித் தடவிப் பாத்துட்டுத்தான் குழாயை விடணும்."

மொத்தமே சில நிமிஷம். இதைச் சொல்லித் தர இரண்டு வருஷமாக அவருக்கு என்ன தடையாக இருந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. குழாயின் மறுமுனை இருந்த பாட்டில் தண்ணீரில் குமிழ்கள் கிளம்பின. கொளஞ்சிநாதன் முதல் தடவையாக முழு மூச்சு இழுத்தான்.

பிறகு தனியறை. விஜயலட்சுமி எதிரில் உட்கார்ந்து, இங்கே ஒருவர் கூடவே நின்று சொல்லிக்கொடுத்து அவள் கற்றவை மொத்தம் எத்தனை என்று கேட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜெயகணேஷ் இரண்டு கைகளையும் கூப்பி நின்றான்.

"ஒண்ணு மேடம்" என்றாள். "இப்பதான்."

அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும் என்றார் விஜயலட்சுமி. அதுவரை? அதுவரை அவள் அதே பிரிவில், அதே தலைவரிடம்தான். அந்த அம்மாளின் கார் கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயகணேஷ் அவளைக் கடந்து போனான், சுவரைக் கடப்பதுபோல.

மாலை ரவுண்ட்ஸ். சக்கரபாணி கொளஞ்சிநாதனின் கட்டிலருகே நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், நாளையிலிருந்து வார்டு டியூட்டி முழுவதும் அவளுக்கே என்றார். ஆபரேஷன் தியேட்டர் பக்கம் வர வேண்டாம். சொல்லிவிட்டு பாட்டிலைக் குனிந்து பார்த்தார். அவன் மூச்சு விடவிட குழாயில் தண்ணீர் ஏறி இறங்கியது. "சரியா ஆடுது" என்று முனகினார்.

"ஆடறது நின்னா என்ன அர்த்தம் சார்?" என்றாள் அன்புக்கரசி.

நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். சக்கரபாணி காதில் விழாதவர்போல அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அன்புக்கரசி பின்னாலேயே போகவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவருக்கு நேர் எதிரே நின்று, அதையே மறுபடி கேட்டாள்.