மூக்குச் செருமல்

புலிகளின் குரலை ஆயுள் முழுக்க ஆராய்ந்த நிபுணரின் தொண்டையில், ஓய்வு பெற்ற மறுநாள் காலை பல் துலக்கும்போது, புலியின் குரல் வந்து குடியேறியது. மனிதக் குரல் போன இடம் தெரியவில்லை. தொண்டை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சளி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

நிபுணர் வருத்தப்படவில்லை, பேச்சு போன பிறகுதான் மேடைகள் கூடின. ‘இது என் எல்லை’ என்று தொலைவுக்கு அறிவிக்கும் கர்ஜனையில் முன்வரிசைக்குக் கால் மரத்துப்போகும். ‘கிட்டே வராதே’ என்கிற உறுமல், அதற்கும் அடங்காதவர்களுக்குச் சீறல். கடைசியில், வாயை மூடிக்கொண்டு மூக்கால் விடும் செருமல். வீட்டுப் பூனைபோல் குறுகுறுக்கப் புலிக்கு வராது. ‘நான்தான், பயப்படாதே’ என்பதற்கு அதனிடம் இருப்பது இந்தச் செருமல் ஒன்றுதான். எதிரே நிற்பதும் திருப்பிச் செருமினால் உறவு. இல்லையென்றால் இல்லை. நிபுணர் அதை அமைச்சருக்கு ஒன்று, துணைவேந்தருக்கு ஒன்று என்று தகுதி பார்த்து வழங்கினார். சிமெண்ட் கம்பெனி முதலாளிக்கு, நன்கொடையை உத்தேசித்து, இரண்டு. அவர்களும் கைக்குட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு பதிலுக்குச் செருமினார்கள்.

மகள் இதையெல்லாம் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடை டிவியில் பார்த்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து செத்த வாரம், அப்பா வெளியூரில் கருத்தரங்கு முடிந்து விருந்தில் இருந்தார். அதிலிருந்து அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி போன் செய்த பிறகே போனாள்.

கதவைத் திறந்தவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாயை மூடி, மெல்லச் செருமினார்.

“இதைத்தானேப்பா அந்த சிமெண்ட்காரருக்கும் பண்ணீங்க?”

இன்னொரு முறை செருமினார்.

“ரெண்டாச்சு. அவருக்குப் பண்ண அளவு எனக்கும் பண்ணியாச்சு, விடுங்க. மாத்திரை எங்க வச்சிருக்கீங்க?”

அன்று முழுக்க அவர் வேறு ஒலி தேடித் தொண்டையைத் துழாவினார். கர்ஜனை இருந்தது, உறுமல் இருந்தது. பாசத்துக்குப் புலியிடம் இரண்டாவது ஒலி கிடையாது என்று நிரூபித்ததே அவர்தான்; அதற்குத் தங்கப் பதக்கமும் வாங்கியிருந்தார். மகள் மாத்திரைகளைக் காலைக்கும் ராத்திரிக்குமாகப் பிரித்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். குரல் மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை. சாயங்காலமானால் வாசற்கதவுக்குப் பின்னாலிருந்து, ஆள் உயரத்தில், ஒரு செருமல். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

வாடகைக்கு வந்த தையல்காரி சாவி வாங்கும்போது கேட்டாள். “என்னக்கா அது சத்தம்?”

“எங்கப்பா. ஒண்ணும் பண்ண மாட்டார். பதிலுக்குச் செருமினா நின்னுடும்.”

“நீங்க செருமிப் பாத்தீங்களா?”

மகள் தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டினாள்.

தையல்காரி இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றிக்கொண்டே மூக்கால் ஒன்று விடுகிறாள். வீடு அடங்கிவிடுகிறது. மகள் வாடகை வாங்க வரும் நாட்களில் மட்டும், தையல்காரி எத்தனை செருமினாலும் அது நிற்பதில்லை. மகள் வாங்கிக்கொண்டு போகும்வரை இவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறாள்.