ரஹமத் பீவியின் ஸ்டவ்

அரூர் சந்தை வழியில் இருந்த நூர் பாஷாவின் பழைய சாமான் கடைக்கு வராத பொருள் கிடையாது. ஊமையாகிப்போன ரேடியோ, சுற்றாத மேசை விசிறி, ஓட்டை விழுந்த ஸ்டவ், எல்லாம் வரும். மிச்ச எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டு, பித்தளை தனி, இரும்பு தனி, தகரம் தனி என்று பிரித்துப் போடுவார். தகரம் சிமினி விளக்கு செய்கிறவருக்குப் போகும், பித்தளை வார்ப்படக்காரருக்குப் போகும். எவர் வீட்டுப் பழசானாலும் ஈவிரக்கமில்லாமல் உடைக்கிற இந்த மனுஷர் தன் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வில் மட்டும் கை வைக்கமாட்டார். அதை நினைத்தாலே இளையாள் அமீனாவுக்கு வயிறு எரியும்.

அது செத்துப்போன மூத்தாளுடையது. எண்ணெய்த் தொட்டியில் ‘ரஹமத் பீவி’ என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. அமீனா வாழ வந்தபோது புதுத் திரி ஸ்டவ் வாங்கிக் கொடுத்தார்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமையானால் அந்தப் பழசைத்தான் மடியில் வைத்துத் துடைப்பார். எரியாத அடுப்புக்கு அடைப்பெடுக்க ஊசி குத்துவார். தனக்குத் தலைவலி என்றால் ஒரு சுக்குக் காப்பி போட்டுத் தரத் தெரியாத கை, அதற்கு மட்டும் இத்தனை பதவிசாக வேலை செய்கிறதே என்று அமீனா பொருமுவாள். மண்ணுக்குள் போனவளோடு மல்லுக்கட்டுவது வெட்கக்கேடு என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பொறாமை கேட்டுக்கொண்டா வருகிறது?

அவர் பாலக்கோட்டுக்குச் சரக்கெடுக்கப் போன ஒருநாள், தொட்டிக்குக் கரியைப் பூசிப் பேரை மறைத்தாள். ஸ்டவ்வைக் கூடையில் வைத்து, முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, கடத்தூர் பஸ் ஏறினாள். அங்கே பழைய சாமான் வாங்கும் வெங்கடாசலத்தின் கடையில் போட்டுவிட்டுத் திரும்பும்போது மனசு லேசாயிருந்தது.

பேர் வெட்டிய பித்தளையை உடைக்கும்முன், கொண்டுவந்தவர் எதிரிலேயே அரம் போட்டுப் பேரை அழிப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அப்படி அழிக்காத பேர் பிறகு கண்ணில் பட்டால் உடைக்கமாட்டார்கள்; திருட்டுச் சாமான் என்று பழி வரும். பழைய சாமான்காரர் பெண்டாட்டிக்கே அது நினைவில்லாமல் போகுமளவுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த சந்தைக்கு, நூர் பாஷாவோடு பல வருஷத் தொழில் பழக்கமுள்ள வெங்கடாசலமே ஸ்டவ்வோடு வந்து நின்றார்.

"பாய், கரியத் தொடச்சுப் பாத்தா உங்க பெரிய வூட்டம்மா பேரு இருக்குதுங்க. ஒரு பொம்பள கொண்டாந்து போட்டுட்டுப் போச்சு. திருட்டுச் சாமானாட்டம் இருக்குதுங்க."

அவர் ஸ்டவ்வை வைத்துவிட்டுப் போனதும், கடையை ஒட்டிய வீட்டு வாசற்படியில் நின்றிருந்த அமீனாவை நூர் பாஷா பார்த்தார்.

"நாந்தாங்க போட்டேன்" என்றாள். "ஊரான் வூட்டதெல்லாம் ஒடைக்கிறீங்க. இத மட்டும் எதுக்குங்க வெச்சிருக்கீங்க? இந்த வூட்ல அது இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்."

திட்டுவார் என்று பார்த்தாள். அவர் அரத்தை எடுத்தார். மற்றவர்கள் பேரை நாலே இழுப்பில் அழிக்கிறவர், இதை ஒவ்வொரு எழுத்தாக, தூளை ஊதி ஊதி அழித்தார். அப்புறம் சுத்தியலால் உடைத்து, பித்தளையைப் பித்தளையோடும் இரும்பை இரும்போடும் போட்டார்.

வாசற்படியில் நின்றிருந்த அமீனாவுக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். இனி மூத்தாள் பேர் இந்த வீட்டில் எங்கேயும் இல்லை.

நூர் பாஷா கையைத் தட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமலே சொன்னார்.

"ரஹமத்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா."

என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை. அமீனா உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள்.