செத்த பெட்டி

விடிவதற்குள்ளேயே பெட்டி ஒட்டும் வேலை தொடங்கிவிட்டது. பாதியில் நின்றுபோன கட்டடத்தின் அடியில் சினிமாச் சண்டைக் குழுவினர் குந்தியிருந்து, நசுங்கிய அட்டைப்பெட்டிகளை நிமிர்த்தி, பசைநாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பனியில் நனைந்த அட்டை மக்கிய வாடை வீசியது. விரலிடுக்கில் அட்டை அறுத்த இடமெல்லாம் எரிந்தது. மேலே மூன்றாம் மாடியில், உடைப்பதற்கென்று ஒரு சன்னலுக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

சுவரொட்டிகளில் அவளுக்குப் பெயர் பெண்புலி. குழுவில் அவள் அக்கா. காரை விட்டு இறங்காமல் அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழுதுபார்க்கும் கடையின் மாடியில் ஜூடோ கற்றவள் அவள். பந்தயங்களில் தன்னைவிடக் கனத்தவர்களையெல்லாம் முதுகு தரையில் படத் தூக்கிப் போட்டவள். அந்தக் கையைப் பார்த்துத்தான் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். கதாநாயகிகளுக்கு டூப்பாக மாடியிலிருந்தும் ஓடும் வண்டியிலிருந்தும் விழுந்து விழுந்து, ஒருநாள் முகத்தைக் காட்டும் வேடம் கிடைத்தது. பிறகு முகம் விற்றது. முகம் விற்ற பிறகு அதைக் காப்பாற்ற அவளுக்கே ஒரு டூப் வைத்தார்கள். அவள்தான் சிட்டு.

குதிக்கிறவருக்கு மெத்தையாகக் கீழே அடுக்கும் காலிப் பெட்டி ஒருமுறைதான் ஆளைத் தாங்கும். விழுகிற உடம்பின் வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு நசுங்கிவிடும். அதற்குப் பிறகு அது செத்த பெட்டி. நிமிர்த்தி ஒட்டினால் பார்வைக்குப் பெட்டிதான், விழுகிறவருக்குத் தரை. போன வாரம் புதுப் பெட்டி வரவில்லை. சிட்டு செத்த பெட்டியில்தான் குதித்தாள்.

விழுந்தவர் கையைத் தூக்கிக் காட்டினால் நலம் என்று அர்த்தம். எலும்பே முறிந்தாலும் அந்தத் தொழிலில் கை தூக்குவார்கள். தூக்காத ஆளை அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். சிட்டுவும் தூக்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். அக்குளில் கை கொடுத்து அவளை எழுப்பி நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களில் அக்காவும் ஒருத்தி. அப்போது சிட்டுவின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அக்காவின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

இன்றைக்குக் குதிக்கவேண்டியவன் சிட்டுவின் புருஷன். குழுவில் அவனுக்கு மீசை என்றே பெயர். இப்போது மீசை இல்லை. அக்காவின் உடுப்பைப் போட்டு, நீள முடியை மாட்டிக்கொண்டு கார் பக்கம் வந்தான்.

"எப்படிக்கா இருக்கேன்? உங்களவிட அழகா இருக்கேன்னு பசங்க சொல்றானுங்க."

"சிட்டு பாத்தாளா?"

"பாத்தா. வீட்லயே போட்டுக் காட்டினேன். சிரிக்கணும்னுதான் நெனச்சா. சிரிச்சா இடுப்பு வலிக்குதாம்."

பயமாக இல்லையா என்று கேட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றான். ஆனால் தாடைக்கடியில் பொய்முடியின் நாடாவை முடிச்சுப் போட அவன் விரல்களால் முடியவில்லை. அக்காதான் போட்டுவிட்டாள். போடும்போது அவன் குரலைத் தாழ்த்தி, பெட்டியைப் பற்றி முதலாளியிடம் எதுவும் கேட்டுவிடவேண்டாம் என்று கெஞ்சினான். சிட்டுவும் படுத்துக் கிடக்கிறாள், தன்னையும் விலக்கி வைத்துவிட்டால் அப்புறம் எந்த வாசலில் போய் நிற்பது என்றான்.

அக்கா இறங்கிப் போய்ப் பெட்டியொன்றை உள்ளங்கையால் அழுத்தினாள். கை போன பள்ளம் அப்படியே நின்றது.

எல்லோரும் முதலாளி என்று கூப்பிடும் தயாரிப்பாளர் வந்தார். வெயில் ஏறுமுன் எடுத்துவிடவேண்டும் என்று அவசரப்படுத்தினார். பெட்டி எல்லாம் செத்தது என்று சண்டை மாஸ்டர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஒட்டினால் அதுவும் பெட்டிதானே என்று தயாரிப்பாளர் நடந்துகொண்டே இருந்தார். மீசை படியேறத் தொடங்கியிருந்தான்.

"முதலாளி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அக்கா.

அவர் நின்றார். "நீயா குதிக்கப் போற? அவன்தானே."

"அதனாலதான் பயமா இருக்கு."

"இந்த வார்த்தை வெளிய போச்சுன்னா உன்னைப் பாக்க எவன் வருவான்? தங்கச்சி மாதிரி நெனச்சுச் சொல்றேன். உன்னைப் புலின்னு வித்துட்டு இருக்கேன் நான்."

"வித்தது நீங்க. விழுறது நாங்க."

"நாங்களா?" அவர் சிரித்தார். "ஏசி வண்டில உக்காந்துட்டு வர்ற. எத்தனை வருஷமாச்சு நீ விழுந்து? நாங்களாம்."

குறி தப்பாத அடி. எதிராளி எத்தனை கனத்தவளாக இருந்தாலும் பிடி கிடைத்தால் போதும் அவளுக்கு. இங்கே எதைப் பிடிப்பதென்றே தெரியவில்லை. இதோடு முடிந்தது, தன் படமும் போயிற்று, மீசையும் விழப்போகிறான் என்று நினைத்தாள்.

பின்னால் பசைநாடாச் சுருள் ஒன்று தரையில் விழுந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு முதலாளி" என்று சண்டை மாஸ்டர் செத்த பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தார். அது அவரோடு சேர்ந்து அமுங்கியது. வாழ்நாளில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கும் என்றான் ஒருவன். எனக்குந்தான் என்றான் அடுத்தவன். பிறகு யார் யார் சொன்னது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

படியில் நின்ற மீசை பொய்முடியைக் கழற்றினான். கீழே வந்து மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ராத்திரியிலேர்ந்தே" என்றான்.

புதுப் பெட்டி வரட்டும், சிட்டுவுக்கு வைத்தியம் நடக்கட்டும், அதுவரை யாரும் ஏறமாட்டோம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். தயாரிப்பாளர் யாருக்கோ போன் போட்டார். வேறு குழு வருகிறது, இவர்கள் இனி எந்தப் படப்பிடிப்பிலும் காலடி வைக்க முடியாது என்று போனிலேயே இவர்கள் காதில் விழும்படி சொன்னார். வெயில் ஏறியது. அக்காவும் அவர்களோடு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒருவன் எழுந்தான், வீட்டில் சின்னது இருக்கிறது என்று முணுமுணுத்தான். யாரும் அவனைப் பிடித்து இழுக்கவில்லை. சற்று நின்றுவிட்டு அவனே மறுபடி உட்கார்ந்தான்.

வேன் வந்தது. உள்ளே இருந்தவர்கள் இவர்கள் கண்ணைப் பார்க்காமல் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். அக்கா எழுந்து போனாள். அந்தக் கொஞ்ச தூரம்போல எந்தப் பந்தய மேடையும் அவளை நடுங்க வைத்ததில்லை.

"போகாதீங்கன்னு சொல்ல வரல. ஏறுறதுக்கு முன்னாடி ஒரு பெட்டிய அழுத்திப் பாத்துடுங்க" என்றாள்.

முதலில் இறங்கிய காதறுந்த ஆள் வந்து அழுத்தினான். கையை எடுத்துவிட்டுப் பள்ளத்தையே பார்த்தான்.

"அந்தப் பொண்ணு விழுந்தது இதுலயா?"

"இதுலதான்."

"எப்படி இருக்கா?"

"கால அசைக்கல இன்னும்" என்றான் மீசை.

காதறுந்தவன் வேன் பக்கம் திரும்பி, "பையை வண்டிலயே போட்டுட்டு எறங்குங்கடா" என்றான். சிலர் இறங்கினார்கள். சிலர் இறங்காமல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியவர்கள் வந்து, செத்த பெட்டிகளின் மேல் நெருக்கி நெருக்கி உட்கார்ந்தார்கள். காதறுந்தவன் அக்காவின் கைகளைக் கவனித்துவிட்டு, அவளுக்குக்கூடவா நடுங்குகிறது என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நடுங்குது."

"சரி, தள்ளி உக்காருங்க, எனக்கும்தான்" என்றான்.

தயாரிப்பாளர் தூரத்தில் இன்னொரு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். அடுத்த வேன் வந்தால் யார் எழுந்து போய்ப் பேசுவது என்று இவர்கள் தலையைச் சேர்த்துவைத்துப் பேச ஆரம்பித்தார்கள்.