அலகு எழுதாத திட்டத்தாள்

காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு 1994 ஆகஸ்ட் முதல் தேதி உருட்டிவிட்ட கோலிக்குண்டு, 2003 டிசம்பர் முதல் தேதி மணியை அடித்தது. நடுவில் எதுவும் நிற்கவில்லை.

மௌரீன் டீச்சர் அப்போது பத்து வருடமாகத் தற்காலிக இயற்பியல் ஆசிரியர். ஒன்று இடித்து இன்னொன்று விழும் தொடர் இயந்திரம் ஒன்றைப் பிள்ளைகள் செய்ய, கடைசியில் மணி அடித்தால் அவரை நிரந்தரமாக்க நிர்வாகத்துக்கு எழுதுவதாகத் தலைமையாசிரியர் ஸ்ரீகண்டன் சொல்லியிருந்தார். மூன்று வாரம் பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். பிளந்த பைப்பில் கோலி உருளும், வரிசையாக நிற்கும் கேசட் டப்பாக்கள் சாயும், மணல் பை இறங்கும், சுத்தியல் விழும். ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை லாவண்யா தாளில் எழுதினாள். கோலி 3, டப்பாக்கள் 40, மற்றவையும் சேர்த்து மொத்தம் 112. அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைப்பவர் டீச்சர். அன்று நாற்பத்தேழு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திய பிறகுதான் அந்தத் தாள் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உருட்டிவிட்ட கோலி நின்றது போலிருந்தது. ஸ்ரீகண்டன் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மணி அடித்ததும் கூப்பிடச் சொல்லிப் போனார். மறுநாள் அது ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பாலகுமார் ஸ்கேல் வைத்து அளந்து, பைப்பைத் தாண்ட மூன்று மாதம் என்றான்.

"நாம சொன்னதத்தான் செய்யுது மிஸ். மூணுன்னு போட்டோம். மூணு என்னன்னு போடல."

"அரை மார்க் உங்களுக்கே கட் பண்ணிக்குங்க மிஸ்," என்றாள் லாவண்யா.

டீச்சர் எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் 'நொடி' என்று எழுதினார். வேகம் மாறவில்லை. கையெழுத்துக்குப் பின் சேர்த்தது செல்லாது. வகுப்பில் அந்த விதியை வைத்தவரும் அவர்தான். கையால் தள்ளவும் அவர் விடவில்லை.

சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் மேசையை விட்டுச் சுற்றி அடித்தார்கள். பாதி சாய்ந்து அந்தரத்தில் நின்ற டப்பாவைக் காட்டி டீச்சர் மூன்று வருடம் ஈர்ப்பு மையம் நடத்தினார். நல்ல பாடமாக இருந்தது. சம்பளம் தற்காலிகச் சம்பளம்தான். வேறு பள்ளி கூப்பிட்டபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதாகப் பதில் எழுதினார். முழங்கால் வலி வந்தது. லாவண்யா ஓசூர் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். பாலகுமார் ஆம்னி வேன் ஓட்டினான்.

112 மாதக் கணக்குத் தெரியும் என்பதால் இருவரும் அந்தத் திங்கட்கிழமை வந்தார்கள். சுத்தியல் மணியைத் தொட ஒரு மயிரிழைதான் இருந்தது. பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. பள்ளி விட்டதென்று ஆறாம் வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. யாரும் தடுக்கவில்லை.

ஸ்ரீகண்டன் சொன்ன சொல்லை மறக்கவில்லை. நிர்வாகத்துக்கு எழுதினார். மறுவாரம் திங்கட்கிழமை நிரந்தர நியமன உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் பாக்கி. டீச்சர் அதை நின்றபடியே படித்தார். தகுதிகாண் காலம்: 2 என்றிருந்தது.

"சார், ஒரு நிமிஷம். இன்னும் போட்டுடாதீங்க."

சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டுக்குப் பக்கத்தில் 'நாள்' என்று எழுதிக் கொடுத்தார். ஸ்ரீகண்டன் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை டீச்சர் நிரந்தரமானார். அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.